ஜெயிலுக்குப் பதில் ஆஸ்பத்திரி

நவ. 4, செவ்வாய்

விடிஞ்சதுலேர்ந்து தூறல். துவைச்ச யூனிஃபார்ம் இன்னும் ஈரம். கம்பெனிக்கு லீவு. சூப்பர்வைசருக்கு மெசேஜ்: காய்ச்சல். பொய். இன்னிக்கு கோர்ட்.

தாம்பூலம் மாத்தின அன்னிக்கு மூடி வெச்ச டைரி. கடைசியா எழுதினதைப் படிச்சுப் பார்த்தேன். "பச்சைப் புடவை. அவர் சிரிச்சா இடது கன்னத்துல குழி. தை மாசம் கல்யாணம்." அவ்வளவுதான். அன்னிக்கு ராத்திரி நடந்ததை எழுத மனசு வரல. இப்போ எழுதிடறேன். எழுதினாதான் மனசு இறங்கும்.

மாப்பிள்ளை சதீஷ் (இனிமே 'ச.'ன்னுதான் எழுதுவேன், அம்மா டைரியை எட்டிப் பாக்கற ஆள்) ஒரகடத்துல ஒரு கம்பெனியில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவர். தாம்பூலம் மாத்தின சந்தோஷத்துல கூட வேலை செய்யறவங்களுக்கு பார்ட்டி. பழக்கமில்லாத ஆள், அன்னிக்கு நல்லாவே குடிச்சிருக்கார். வீட்டுக்கு நடந்து போற வழியில ஒரு ஜவுளிக்கடை. மூடற நேரம். வாசல்ல பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, தலைப்பாகையோட ஒரு மாப்பிள்ளை பொம்மை. அதைத் தோள்ல தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டார். எதிர்ல வந்தவங்க கிட்டல்லாம், "இவர்தான் மாப்பிள்ளை, நான் தோழன்"னு அறிமுகம் வேற.

கடை கேமராவுல எல்லாம் பதிவாயிடுச்சு. காலையில போலீஸ் வந்தப்போ பொம்மை பாயில, போர்வை போத்திக்கிட்டு. ச. வெறும் தரையில. பொம்மைக்கு ஒரு கை உடைஞ்சிருந்துச்சு. கடைக்காரர் விடல. திருட்டு கேஸ். ஜாமீன் கிடைக்கிற வரைக்கும் சப்-ஜெயில்.

ஊரே சிரிச்சுது. எங்க வீட்டுல யாரும் சிரிக்கல.

இன்னிக்கு கூட வேலை செய்யற இசக்கி ரூமுக்குப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டுக்குப் போனேன். கடைசி பெஞ்ச். ச. கூண்டுல நின்னார். இளைச்சுப் போயிருந்தார். சட்டைப் பட்டன் மாத்திப் போட்டிருந்தார்.

மாஜிஸ்ட்ரேட் ஒரு அம்மா. கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டுக் கேட்டாங்க, "எதுக்குப்பா எடுத்தே?"

"கல்யாணம் நிச்சயமாச்சுங்க மேடம். சந்தோஷத்துல... அது மழையில தனியா நின்னுக்கினு இருந்துச்சு."

கோர்ட்டே சிரிச்சுடுச்சு. மாஜிஸ்ட்ரேட் சிரிக்கல, ஆனா பேனாவை மூடித் திறந்தாங்க. இலவச சட்ட உதவி வக்கீல் மேடம் எழுந்து சொன்னாங்க: முதல் தடவை, சின்னப் பொருள், கடைக்காரருக்கு நஷ்டஈடு கொடுத்தாச்சு, புதுச் சட்டத்துல இதுக்கு ஜெயில் இல்ல, சமூக சேவைதான். மாஜிஸ்ட்ரேட் தலையாட்டினாங்க.

"இதுக்கெல்லாம் உள்ள தள்ளிக்கிட்டே இருந்தா ஜெயில்ல நிக்கக்கூட இடம் இருக்காது. நீ உள்ள உக்காந்து சாப்பிட்டா ஊருக்கு என்ன பிரயோஜனம்? ஒரு மாசம், தினம் காலையில அரசு ஆஸ்பத்திரியில வேலை செய். சம்பளம் கிடையாது. ஒழுங்கா வந்தியான்னு அவங்க எனக்கு எழுதி அனுப்புவாங்க. குடிச்சுட்டுப் போனதா கேள்விப்பட்டேன்னா..."

"மாட்டேங்க மேடம்."

அப்போ என் கை தானா தட்டிடுச்சு. ஒரே ஒரு தட்டு. போலீஸ்காரர் திரும்பி முறைச்சார். குடையைத் தேடற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

வெளிய வந்தப்போ ச. என்னைப் பார்த்துட்டார். பக்கத்துல வரப் பார்த்தார். நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு மழையில இறங்கிட்டேன். சந்தோஷம், கோபம் ரெண்டும் ஒண்ணா வந்தா என்ன பண்றதுன்னு தெரியல. குடையை கோர்ட்டுலயே விட்டுட்டேன்.


நவ. 5, புதன்

மழை விட்டுது. சேறு. செருப்பு அறுந்துச்சு.

அப்பா முடிவு சொல்லிட்டார். அவருக்கு சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன்லேர்ந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ. வண்டியில ஏறறவங்கல்லாம் கேக்கறாங்களாம், "ஏழுமலை அண்ணே, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வருவாரா, பொம்மை வருமா?"

"பாப்பா, அந்த சம்பந்தம் நமக்கு வேணாம். ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவன்."

அம்மா சும்மா இருக்கல. "குடிச்சது தப்புதான். ஆனா பொம்மையத்தான தூக்கினாரு, பொண்ணையா தூக்கினாரு?"

"நீ இன்னாடி அவனுக்கு வக்கீலு?"

நான் சொன்னேன், "ஒரு மாசம் போகட்டும்பா. ஒழுங்கா முடிக்கிறாரா பாப்போம். அப்புறம் நானே சொல்றேன்."

"அதுவரைக்கும் போன் கீன் பேசக் கூடாது."

"பேச மாட்டேன்."

உடனே ஒத்துக்கிட்டதுல அப்பாவுக்கே ஏமாற்றம். சண்டைக்குத் தயாரா இருந்தார் போல. உண்மையா சொன்னா எனக்கும் அதுதான் வேணும். குடிச்சதை நான் இன்னும் மன்னிக்கல. அது வேற கணக்கு.

வாங்கணும்: செருப்பு, கொசுவத்தி, குடை.


நவ. 8, சனி

OT. கால் வலி. இன்னிக்கு ரிஜெக்ட் ஜாஸ்தி, லைன் லீடர் மூஞ்சி தொங்கிப் போச்சு. கேன்டீன்ல சாம்பார் சாதம், அப்பளம் கிடைக்கல.

இசக்கி எதிர் மேஜை. திருநெல்வேலிக்காரி, ஹாஸ்டல்ல இருக்கா, செக்கிங்ல எனக்கு ஜோடி. அவளுக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும். "ஏட்டி, ஒரு போனைப் போட்டுப் பேசிரு. எதுக்கு இப்படி உம்முனு இருக்க?"

"அப்பாவுக்கு வாக்கு குடுத்திருக்கேன்."

"நான் குடுக்கலைல்லா? எனக்குத் தொண்டை வலிக்கி. நானே ஆஸ்பத்திரிக்குப் போயிப் பாத்துட்டு வாரேன்."

தொண்டை வலி நிஜம்தானான்னு தெரியல. நல்லா சத்தமாத்தான் பேசினா.


நவ. 11, செவ்வாய்

வெயில்! மொட்டை மாடி முழுக்கத் துணி.

இசக்கி வந்து ஒப்பிச்சா. அப்படியே எழுதறேன்.

"பச்சைக் கலர் ஜாக்கெட் மாட்டி விட்டுருக்காவ. ஓ.பி. சீட்டு எழுதுற இடத்துல நிக்காரு. யாரு வந்தாலும் 'எங்க வலிக்குது?'ன்னு கேட்டு, இந்தப் பக்கம் போங்க, அந்தப் பக்கம் போங்கன்னு அனுப்புதாரு. நடக்க முடியாதவங்களை வீல்சேர்ல வச்சுத் தள்ளிட்டுப் போறாரு. ஒரு இந்திக்காரப் பையன் கையில கட்டோட வந்தான். உன் ஆளு பேசுன இந்தியக் கேட்டு அந்தப் பையனுக்கு வலியே மறந்து போச்சு. சிரிச்சிட்டான்."

"உன்னைப் பாத்தாரா?"

"பாத்தாரு. தொண்டைன்னு சொன்னேன். ரூம் நம்பர் சொன்னாரு. அப்புறம் ரெண்டு எட்டு வச்சிட்டு, திரும்பி வந்து, 'அவங்க நல்லா இருக்காங்களா?'ன்னாரு. யாருன்னு கேட்டேன். காது செவந்து போச்சு மனுசனுக்கு."

நாலு பீஸ் தப்பா பாஸ் பண்ணிட்டேன். திரும்ப எடுத்து செக் பண்ணினேன். இன்னிக்கு எல்லாமே அழகா இருக்கு, ரிஜெக்ட் பீஸ் உட்பட.


நவ. 15, சனி

காலையில மூடுபனி மாதிரி. B ஷிஃப்ட் வாரம். மத்தியானம்தான் வேலை.

அப்பா சாப்பாட்டுக்கு வந்தப்போ ஏதோ யோசனை. ரசத்தை மோருன்னு நெனச்சு உப்பு போட்டுக் கலக்கினார். அப்புறம் மெதுவா அம்மா கிட்ட, "ஆஸ்பத்திரில அவனுக்கு இன்னா வேலை குடுத்துக்கிறாங்களாம்?"

அம்மா என்னைப் பார்த்தாங்க. நான் தட்டைப் பார்த்தேன்.

விஷயம் இது. காலையில வண்டியில ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தர் மாமியாருக்குக் கால் எலும்பு முறிவு. "அங்க ஒரு தம்பி கீது. வீல்சேர் தள்ற தம்பி. பெத்த புள்ளகூட அவ்ளோ பொறுமையா பாக்காது"ன்னு பேசிக்கிட்டு வந்தாங்களாம். அப்பா, "பேர் இன்னா?"ன்னு கேட்டிருக்கார். "சதீஷோ இன்னாவோ."

"அதுக்கு நீ இன்னா சொன்னே?"ன்னு அம்மா.

"நான் இன்னா சொல்றது? சில்லறை குடுமான்னேன்."

ச.வோட வேலை போகல. சாயங்கால ஷிஃப்ட்டுக்கு மாத்திக்கிட்டாராம், காலையில ஆஸ்பத்திரி, அப்புறம் ஃபோர்க்லிஃப்ட். இசக்கி விசாரிச்ச தகவல். ஜெயில்லயே ஒரு மாசம் வெச்சிருந்தா கான்ட்ராக்டர் வேற ஆளைப் போட்டிருப்பார். எப்போ தூங்கறாரோ.


நவ. 18, செவ்வாய்

இன்னிக்கு நடந்ததை எழுதறதுக்குள்ள சிரிப்பு வந்து பேனா வழுக்குது.

காலையில அப்பா, "பாப்பா, கிளம்பு. ஆஸ்பத்திரி வரைக்கும் போய் வரலாம்."

"யாருக்குப்பா உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்ல. மறைஞ்சு நின்னு பாக்கலாம். ஜனங்க சொல்றது நெசமா, இன்னான்னு."

எதிர்ல இருக்கற ஜெராக்ஸ் கடையில நின்னோம். அப்பா ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுத்தார். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. கடைப் பையன், "அங்கிள், கலர் வேணுமா?"ன்னான். அங்கேர்ந்து ஒண்ணும் தெரியல. "நீ இங்கயே நில்லு"ன்னு சொல்லிட்டு, கொரோனா காலத்து மாஸ்க் ஒண்ணை ஜேபியிலேர்ந்து எடுத்து மாட்டி, தலையில துண்டு கட்டி, உள்ள போய் ஓ.பி. தூண் பின்னாடி நின்னார். நான் கேக்காம பின்னாடியே போய், பத்தடி தள்ளி வேப்பமரத்துக்கிட்ட நின்னேன். பச்சை ஜாக்கெட் அங்கயும் இங்கயும் ஓடறது தெரிஞ்சுது. ஓடறப்பகூட அவருக்குக் கன்னத்துல குழி விழுது.

அப்போதான் ஹெட் சிஸ்டர் வந்தாங்க. வாட்டசாட்டமான அம்மா, குரல் அதைவிட. தூண் பின்னாடி துண்டு கட்டி, வேர்த்து வழிஞ்சு நிக்கற ஆளைப் பார்த்தாங்க.

"ஐயா, மயக்கமா வருதா?"

"இல்லம்மா, சும்மா நிக்கறேன்."

"எல்லாரும் விழறதுக்கு முன்னாடி அப்படித்தான் சொல்வாங்க. சதீஷ்! வீல்சேர் கொண்டா!"

அப்பா நகரப் பார்த்தார். சிஸ்டர் தோளைப் பிடிச்சு உக்கார வெச்சுட்டாங்க. ச. தள்ளிக்கிட்டே கேட்டார், "ஐயா, பேரு?"

சட்டுனு வேற பேர் வாயில வரல போல. மாஸ்க்குக்குள்ளேர்ந்து, "ஏழுமலை."

வீல்சேர் நின்னுது. ச. குனிஞ்சு அந்தக் கண்ணைப் பார்த்தார். அப்பா மேல கூரையைப் பார்த்தார். ஒரு நொடி. அப்புறம் ச. கம்பீரமா, "வயசு?"

நான் வேப்பமரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சேன். ஒரு அம்மா, "பாவம், வேண்டியவங்க யாரோ போய்ட்டாங்க போல"ன்னு முதுகைத் தடவினாங்க.

ஆனா பிரஷர் பார்த்தப்போ நிஜமாவே ஜாஸ்தி. சிஸ்டர் சத்தம் வெளிய வரைக்கும்: "இவ்வளவு பிரஷரை வெச்சுக்கிட்டு ஆட்டோ ஓட்டறீங்களா? பின்னாடி உக்கார்றவங்க உயிர் போகலாமா?" சிரிப்பு போச்சு. உள்ள ஓடினேன். அப்பா மாஸ்க்கைக் கழட்டிட்டு சின்னப் புள்ளை மாதிரி உக்காந்திருந்தார். டாக்டர் மாத்திரை எழுதினார், அடுத்த வாரம் திரும்ப வரச் சொன்னார்.

மாத்திரையை வாங்கிட்டு வந்து கொடுத்தது ச. என் முகத்தைப் பாக்காம, சுவரைப் பார்த்து, சிஸ்டர் சொன்னதை ஒப்பிச்சார். "ராத்திரி சாப்பிட்டப்புறம் ஒண்ணு. ஊறுகா கூடாது. அப்பளம் கூடாது. கருவாடு கூடவே கூடாது."

"கூடவே கூடாதா?"ன்னு அப்பா.

"கூடாது மாமா."

இத்தனை நாளைக்கப்புறம் நாங்க சந்திச்சப்போ எங்களுக்குள்ள நடந்த பேச்சு, கருவாடு பத்தி.

வீட்டுக்கு வர்ற வழியில அப்பா ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கல. ஸ்பீடு பிரேக்கர்ல மெதுவா ஏத்தி இறக்கினார், வழக்கமில்ல. அப்புறம் அவராவே, "தனியா தள்ளிக்கினு போனான் பாரு, அப்போ கல்யாணத்தப் பத்தி ஒரு வார்த்தை எடுக்கல. எடுத்திருந்தா எகிறியிருப்பேன்."

"இன்னா பேசினாரு?"

"'கால மேல தூக்கி வைங்க மாமா, கதவுல இடிக்கும்'னான். அவ்ளோதான்." கொஞ்ச தூரம் போய், "பொம்மைய தூக்கினவன் இன்னிக்கு என்னையே தள்ளிக்கினு போய்ட்டான்"னு சொல்லி, வண்டியை ஓரமா நிறுத்திட்டு சிரிச்சார். நானும். படப்பை பஸ்ல இருந்தவங்க எட்டிப் பார்த்தாங்க.


நவ. 19, புதன்

அம்மா உப்பு டப்பாவை ஒளிச்சு வெச்சுட்டாங்க. அப்பா தேடறார். வீட்டுல திருட்டுப் பயம் இப்போ அம்மாவுக்குத்தான்.


நவ. 25, செவ்வாய்

கனமழை. கம்பெனி பஸ் ஒரு மணி நேரம் லேட். ஒரகடம் கூட்டு ரோட்டுல முழங்கால் தண்ணி.

அப்பா பிரஷர் பார்க்க ஆஸ்பத்திரிக்குத் தனியா போய் வந்தார். குறைஞ்சிருக்கு. வந்ததும் அம்மா கிட்ட, "மழையில நனைஞ்சுக்கினே வாசல்ல நின்னு குடை புடிச்சு எல்லாரையும் இறக்கி வுடறான். காய்ச்சல் வந்தா அவனை யாரு பாப்பாங்க?"

அம்மா, "நமக்கு இன்னா? நமக்குத்தான் அந்த சம்பந்தம் வேணாமே."

அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிட்டார்.


டிச. 5, வெள்ளி

வானம் கழுவி விட்ட மாதிரி. ச.வுக்கு ஆஸ்பத்திரியில கடைசி நாள்.

கிளம்பறப்போ அப்பா செருப்பைத் தேடற மாதிரி பக்கத்துல வந்து, "ஒரு மாசம் ஆயிடுச்சுல்ல. நீதான் சொல்றேன்னு சொன்னே. போய்ப் பேசிட்டு வா. ஆனா நல்லா ரெண்டு கேள்வி கேளு."

கேட்டேன். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடை பெஞ்ச். ச. டீயைக் கையில வெச்சுக்கிட்டு குடிக்காம உக்காந்திருந்தார்.

"ஏன் குடிச்சீங்க? என்னை நெனச்சுப் பாத்தீங்களா? எங்க அப்பா வண்டியில ஏறறவங்கல்லாம் என்ன பேசினாங்க தெரியுமா? கம்பெனியில பொய் சொல்லிட்டு கோர்ட்டுல வந்து உக்காந்தேன், தெரியுமா?" நிறைய கேட்டேன். எல்லாத்துக்கும் தலையைக் குனிஞ்சு, "தப்புதான் நித்யா. இனிமே தொட மாட்டேன்." ஒரு சாக்கும் சொல்லல. ஃபிரண்ட்ஸ் ஊத்திக் குடுத்தாங்கன்னுகூட சொல்லல.

அப்புறம் ஜெயிலைப் பத்தி அவராவே சொன்னார். "படுக்க இடம் இல்ல. பாதிப் பேர் படுத்தா பாதிப் பேர் உக்காந்திருப்போம். ஒருத்தர் திரும்பிப் படுத்தா வரிசையே திரும்பணும். பக்கத்துல ஒரு அண்ணன். சின்ன கேஸ்தான். ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் இல்லாம மாசக்கணக்கா கிடக்கறாரு. எனக்கு அம்மா, அப்பா இருந்தாங்க, வக்கீல் மேடம் வந்தாங்க. அவருக்கு யாரும் வரல. வெளிய வந்ததும் மேடம் கிட்ட அவர் பேரைச் சொன்னேன். போன வாரம் வெளிய எடுத்துட்டாங்களாம். இங்க வந்து என்னைத் தேடிப் பார்த்துட்டுப் போனாரு."

இதைச் சொல்றப்போதான் முதல் தடவையா நிமிர்ந்து பார்த்தார். கண்ணு கலங்கியிருந்துச்சு, ஆனா சிரிப்பு.

நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியல. அப்போ ஒரு ஆட்டோ ஹாரன் அடிச்சுக்கிட்டே உள்ள வந்துச்சு. பின்னாடி ஒரு பொண்ணு, என் வயசுகூட இருக்காது, பல்லைக் கடிச்சுக்கிட்டு. கூட அவ புருஷன், ஏதோ கம்பெனி யூனிஃபார்ம், ஒடிஷா பக்கம். அவனுக்கு எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல, அழறான். ச. டீயை என் கையில திணிச்சுட்டு ஓடினார். ஸ்ட்ரெச்சர் வந்துச்சு. அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு, அவர் இந்தியில, "டர் மத், டர் மத், சிஸ்டர் பஹுத் அச்சா"ன்னு (பயப்படாதே, சிஸ்டர் ரொம்ப நல்லவங்கன்னு அர்த்தம்) கத்திக்கிட்டே பிரசவ வார்டுக்குத் தள்ளிக்கிட்டு ஓடினார். அந்த வலியிலயும் அந்தப் பொண்ணு சிரிச்சுது. நான் பார்த்தேன்.

நான் ரெண்டு டீயையும் குடிச்சேன். ஷிஃப்ட்டுக்கு லேட் ஆகுது. போக மனசு இல்ல.

வெயில் ஏறினப்போ குழந்தைச் சத்தம். பொண்ணு. ஹெட் சிஸ்டர் கதவைத் திறந்து, "தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க"ன்னு சொன்னதும் புருஷன்காரன் ச.வைக் கட்டிப் பிடிச்சுத் தூக்கிட்டான். அப்படியே வெளிய ஓடி, ஒரு பெட்டி லட்டு வாங்கிட்டு வந்தான். வாட்ச்மேன், நோயாளிங்க, எல்லாருக்கும். ச. கையில ஒண்ணு. பக்கத்துல நின்ன என்னைப் பார்த்து, அவர் கிட்ட, "பாபி?"

பாபின்னா அண்ணின்னு எங்க லைன்ல எல்லாருக்கும் தெரியும். ச.வுக்கும் தெரியும். "நஹி"ன்னு சொல்லவும் வாய் வரல, வேறெதுவும் வரல. காது மட்டும் செவந்து போய் என்னைப் பார்த்தார்.

நான் கையை நீட்டி லட்டை வாங்கிக்கிட்டேன்.

"ஆமா. பாபிதான்."

ஷிஃப்ட்டுக்கு அரை மணி லேட். லைன் லீடர் திட்டினார். என்ன திட்டினார்னு இப்போ ஞாபகமில்ல. இசக்கி என் மூஞ்சியைப் பார்த்ததும், "ஏட்டி, கன்னத்துல லட்டு"ன்னா.


டிச. 7, ஞாயிறு

லீவு. தலைக்குக் குளியல். சுள்ளுனு வெயில்.

கோர்ட்டுக்கு ரிப்போர்ட் போயிடுச்சாம். நல்லபடியா எழுதியிருக்காங்க, கேஸ் முடிஞ்சுது. ஹெட் சிஸ்டர் ச. கிட்ட, "லீவு நாள்ல சும்மா இருந்தா வாடா, வேலை கிடக்கு"ன்னாங்களாம். இன்னிக்குப் போயிருக்கார்.

ச.வோட அம்மா, அப்பா காலையில வந்து பேசிட்டுப் போனாங்க. தை கடைசி முகூர்த்தம். எங்க அம்மா வடை சுட்டாங்க. அப்பாவுக்கு உப்பில்லாத வடை தனியா. அதுல ஒண்ணைச் சம்பந்திக்குத் தெரியாம அவர் தட்டுல மாத்தி வெச்சுட்டார்.

இப்போ ஹால்ல அப்பா படப்பை மண்டபத்துக்காரர் கிட்ட போன்ல பேசறார். வழக்கம் போல தெருவுக்கே கேக்குது.

"ஆமாங்க, ஒரே பொண்ணு... மாப்பிள்ளையா? கம்பெனில ஃபோர்க்லிஃப்ட் ஓட்றாரு... ஆங், அதோட ஆஸ்பத்திரிலயும் வேலை பாத்தாரு. சிபாரிசா? அதெல்லாம் இல்ல சார், கோர்ட்டே ஆர்டர் போட்டு வெச்சாங்க!"